நியா சாப்பிட்டதா?

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, காலை ஒன்பதரை. சிட்னியின் மேற்கு விளிம்பில் இருக்கும் அந்த விலங்குப் பூங்காவில் ஆப்பிரிக்கக் காட்டு நாய்களுக்கு இறைச்சி போட்டார்கள். ஏழு பெரிய நாய்கள். எலும்போடு கூடிய கங்காரு இறைச்சி. நான்கு நிமிடத்தில் புல்தரை வெறுமையாகிவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்ற சிவாஜினி, தன் தாளில் ஏழு பெயர்களுக்கும் எதிரே 'சாப்பிட்டது' என்ற கட்டத்தில் ஏழு சரி போட்டார்.

அவற்றில் ஒன்று பிழை. மூன்று வாரமாகவே அந்தக் கட்டம் பிழையாகத்தான் இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

சிவாஜினிக்கு நாற்பத்தாறு வயது. வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடையில், இரண்டு அறை வீடொன்றில், அக்காவின் மகள் வினுஷாவோடு இருக்கிறார். வெஸ்ட்மீட் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் உணவுப் பிரிவில் வேலை, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து. நோயாளிகளுக்குத் தட்டு கொடுக்க வேண்டும், பிறகு எடுக்க வேண்டும். எடுக்கும்போது மிச்சத்தைப் பார்த்து முழுவதும், பாதி, கால், இல்லை என்று குறிக்க வேண்டும். எட்டு ஆண்டுகளில் அந்தக் கண் கூர்மையாகிவிட்டது. மசித்த உருளைக்கிழங்கைத் தட்டெங்கும் பரப்பிவிட்டுச் சாப்பிட்டதுபோல் காட்டுகிறவர்களை அவர் கதவடியிலிருந்தே கண்டுபிடிப்பார்.

ஆனால் யாரும் சாப்பிடும்போது பார்க்க மாட்டார். தட்டை வைப்பார், திரும்பிவிடுவார். சாப்பிடுகிறவரின் வாயைப் பார்க்கக்கூடாது, கண் படும், வயிறு நோகும். அவர் வளர்ந்த வீட்டில் இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கை கழுவுவதுபோல அது தானாக வந்த பழக்கம். பார்க்கிற உரிமை தட்டோடு முடிந்துவிடும்.

காட்டு நாய்களிடம் அவர் வந்து சேர்ந்தது போன ஆண்டு. வினுஷாவின் பல்கலைக்கழகத் தோழிகளோடு பூங்காவுக்கு வந்தபோது, பராமரிப்பாளர் ஒருவர் ஒலிவாங்கியில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பெயர் கேட். "அடிபட்ட நாயால் வேட்டைக்குப் போக முடியாது. மற்றவை தின்றுவிட்டு வந்து அதன் முன்னால் கக்கிக் கொடுக்கும். குட்டிகளுக்கும் அப்படித்தான்." கூட்டம் முகத்தைச் சுளித்துச் சிரித்துவிட்டுச் சிங்கத்தைப் பார்க்கப் போனது. சிவாஜினி போகவில்லை. இடது காலை இழுத்து நடப்பவர் அவர். பூங்கா மூடும் வரை அங்கேயே நின்றார். கடைசியில் கேட்டிடம் ஒரு கேள்வி கேட்டார்: கக்கிக் கொடுத்த நாய்க்குப் பிறகு பசிக்காதா?

"நல்ல கேள்வி. அதையெல்லாம் நின்று பார்க்கத்தான் எங்களுக்கு ஆள் இல்லை" என்று சொல்லித் தன்னார்வலர் படிவத்தைக் கையில் கொடுத்தார் கேட்.

இந்த ஆண்டு ஜூலையில் அமானி என்ற தலைமைப் பெண் நாய் ஒன்பது குட்டி போட்டது. அது முதல், வாரத்துக்கு நான்கு காலைகள் சிவாஜினி வருகிறார். மற்ற நாள்களில் எழுத ஆள் இல்லை. தாள்கள் இரண்டு. யார் சாப்பிட்டது என்பது வெளித் தாள், அது சிவாஜினியுடையது. குட்டிகள் கிடக்கும் வளைக்குள் பொருத்திய கமெராவைப் பார்த்து, எந்தக் குட்டிக்கு எத்தனை மணிக்குத் தீனி கிடைத்தது என்று எழுதுவது உள் தாள். அது வாசுதேவனுடையது. கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் சோதனை வேலையிலிருந்து ஓய்வு பெற்று மெரிலேண்ட்ஸில் மகன் வீட்டில் இருக்கிறார். தீனி கொடுத்தது எந்த நாய் என்று எழுத உள் தாளில் கட்டம் இல்லை. இரண்டு தாளும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை.

அன்று ஞாயிறும் கமெரா அறைக்குச் சிவாஜினி வந்தபோது வாசுதேவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே வரவேற்றார்.

"வாங்க மேடம். உங்க ஆளு இன்னைக்கும் உள்ளதான். அம்மாக்காரி வெளியில வெயில் காயுது, தங்கச்சி ஆயா வேலை பாக்குது."

அமானியின் தங்கைதான் நியா. குட்டிகளுக்குச் சித்தி. வலது காதில் ஒரு கிழிசல், முதுகில் வெள்ளைத் திட்டு.

"அது ஆயா வேலை இல்லை அண்ணை. சித்தி வேலை."

"ரெண்டுக்கும் லீவு கிடையாதுங்க."

"குட்டியளுக்குப் பேர் வைச்சாச்சோ?"

"பத்து வாரம் ஆகணுமாம்."

"எங்கடை ஆக்களெண்டால் முப்பத்தோராம் நாளிலையே வைச்சிருப்பினம்."

"வச்சு, வடையும் சுட்டிருப்பீங்க. இவங்களுக்கு எங்கங்க அதெல்லாம் தெரியுது." திரையில் ஒரு குட்டியைக் காட்டினார். ஒன்பதில் அதுதான் சிறியது. வாலில் மட்டும் வெள்ளை அதிகம். "இந்தப் பொடிசு பாருங்க, எப்பவும் கடைசியாதான் வருது. கூட்டத்துல முட்டி மோதத் தெரியல."

அப்போது கேட் உள்ளே வந்தார். கையில் கோப்பு இருந்தது.

"நியா மெலிந்துபோகிறது" என்றார். "இடுப்பெலும்பு தெரிகிறது."

குட்டிகள் பிறந்த பிறகு பெரிய நாய்களை எடை பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள், வளைக்குத் தொந்தரவு கூடாது என்று. ஆகவே தாள்தான் சாட்சி. தாளின்படி நியா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நன்றாகத் தின்றும் உடம்பு தேய்கிறது என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது என்று மருத்துவர் நினைக்கிறார். சிறுநீரகமாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம். வியாழக்கிழமை மயக்க ஊசி போட்டுப் பரிசோதனைக்கு எடுக்கப் போகிறார்கள். இரண்டு மூன்று நாள் கூட்டத்தைவிட்டு வெளியே இருக்கும்.

"பிறகு?" என்று சிவாஜினி கேட்டார்.

"திரும்பி விடும்போது கூட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும். சில நேரம் ஏற்காது. கடித்துக் கொன்றும்விடும்." கேட் கோப்பை மூடினார். "வேறு யாருடைய தாளாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். சிவாஜினி சாப்பிட்டது என்று எழுதினால் சாப்பிட்டதுதான்."

சிவாஜினியும் அதை நம்பினார்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு மருத்துவமனையில் இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார். பன்னிரண்டாம் கட்டில், எண்பது தாண்டிய ஒரு அம்மா. தட்டு துடைத்தாற்போல் இருந்தது. 'முழுவதும்' என்று குறித்துவிட்டு நிமிர்ந்தபோது, பக்கத்துக் கதிரையில் இருந்த அந்த அம்மாவின் கணவர் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டையில் குழம்பு.

"அவளுக்கு வேண்டாமாம். வீணாகப் போகக்கூடாதே" என்றார் கிழவர், சங்கடத்தோடு. நான்கு நாளாக அப்படித்தானாம்.

நான்கு நாளும் முழுவதும் என்று எழுதியவர் சிவாஜினி. எழுதியதை வெட்டிவிட்டுத் தாதியிடம் போய்ச் சொன்னார். திரும்பி வரும் வழியில் நடைகூடத்தில் தட்டு வண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். வெறும் தட்டு, சாப்பாடு தீர்ந்தது என்று மட்டும்தான் சொல்லும். யார் சாப்பிட்டார் என்று சொல்லாது. அன்று காலை நியா எப்படித் தின்றது என்று நினைவுபடுத்திப் பார்த்தார். நியா ஓடி வருவது தெரிந்தது. இறைச்சியில் வாயை வைப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு தாளும் பேனாவும்தான் தெரிந்தன. நிமிர்ந்தபோது புல் வெறுமை. அதற்கு முந்திய நாளும் அதேதான். அதற்கு முந்திய நாளும்.

திங்கள் காலை குசினியில் வினுஷா பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு நின்றாள். இருபத்தொரு வயது. எட்டேகால் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

"வினு, நான் பெரிய பிழை ஒண்டு விட்டிட்டன்."

"வாட்? என்ன நடந்தது?"

சொன்னார். வினுஷா முதலில் சிரித்துவிட்டாள்.

"சித்தி, நாயைப் பாக்கிறதுதானே உங்கடை வேலை. லிட்ரலி அதுதான் வேலை."

"பாத்தனான் பிள்ளை. வாயைத்தான் பாக்கேல்லை."

"ஏன்? நாய்க்கும் கண் படுமோ?"

"தெரியேல்லை. தலை தானாக் குனியுது."

வினுஷாவின் சிரிப்பு நின்றது. "அம்மாவையும் அப்பிடித்தானே பாக்கேல்லை எண்டு ஒருக்காச் சொன்னனீங்கள்."

அவளுடைய அம்மா ரஞ்சினி, சிவாஜினியின் அக்கா. 2009 தொடக்கத்தில் வன்னியில், ஒரு தறப்பாள் கூடாரத்தின் கீழ் மூன்று பேர் இருந்தார்கள். காலில் காயத்தோடு படுத்திருந்த சிவாஜினி, ஐந்து வயது வினுஷா, முப்பத்துநான்கு வயது ரஞ்சினி. கஞ்சி கொடுக்கும் இடத்துக்கு ரஞ்சினி நடந்து போவார். ஒரு பேணிக் கஞ்சி கொண்டுவருவார். பாதி பிள்ளைக்கு, பாதி தங்கைக்கு. "நான் லைனிலையே குடிச்சிட்டன்" என்பார். அந்த இடத்தில் ஒருவர் குடிக்கும்போது மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மரியாதை என்று மிச்சமிருந்தது அதுதான். சிவாஜினியும் திருப்பிக்கொண்டார். இரண்டு மாதத்தில் அக்காவின் வாய் அசைந்ததை அவர் ஒரு தடவையும் பார்க்கவில்லை. முகாமுக்கு வந்த நான்காம் நாள் ரஞ்சினி படுத்தார், எழும்பவில்லை. உடம்பில் ஒரு காயமும் இல்லை.

இதுவரை வினுஷாவுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை அன்று காலை சிவாஜினி சொன்னார்.

"கடைசியா எப்ப சாப்பிட்டவ எண்டு டொக்டர் என்னைத்தான் கேட்டவர். ஒவ்வொரு நாளும் சாப்பிட்டவ எண்டு சொன்னனான். அவர் அதை நம்பி எழுதிக்கொண்டு போனவர்."

வினுஷா பாணைத் தட்டில் வைத்தாள்.

"கேட்டுக்குப் போன் அடியுங்கோ. இப்பவே."

"என்னை நிப்பாட்டிப் போடுவினம்."

"சித்தி. வியாழக்கிழமை ஊசி போடப்போகினம்."

அவளே தொலைபேசியை எடுத்து எண்ணைத் தட்டிக் கையில் கொடுத்தாள். ரயிலையும் விட்டுவிட்டாள்.

சிவாஜினி நடந்ததைச் சொன்னார். "எத்தனை தாள்?" என்றார் மறுமுனையில் கேட்.

"பன்னிரண்டு."

"அந்தப் பன்னிரண்டையும் நான் மருத்துவரிடம் கொடுத்திருக்கிறேன், சிவாஜினி." குரலில் கோபம் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. ஏன் என்று கேட்டார். கண் படுவதைப் பற்றி ஆங்கிலத்தில் விளக்குவதற்குச் சிவாஜினிக்கு வெகு நேரம் எடுத்தது. விளக்கியது அவருக்கே சாக்குப்போக்குப்போல் கேட்டது.

"நாளைக்கு வாருங்கள்" என்றார் கேட். "இந்த முறை வாயைப் பாருங்கள்."

செவ்வாய் காலை இறைச்சி விழுந்தது. சிவாஜினி தாளைக் கீழே, காலடியில் வைத்துவிட்டார். குனியாமல் இருக்க அதுதான் வழி. நியா ஐந்து துண்டை மெல்லாமல் விழுங்கியது. ஒவ்வொரு துண்டுக்கும் கழுத்து நீண்டு சுருங்கியது. வயிறு புடைத்தது. தலையை உயர்த்தி ஒரு தடவை சுற்றிப் பார்த்தது, பிறகு வளையை நோக்கி ஓடியது. சிவாஜினி தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார். மறுபக்கம் வாசுதேவன்.

"வந்துடுச்சுங்க. குட்டிங்க எல்லாம் வாயை நக்குதுங்க. கக்கிடுச்சு. இருங்க, மறுபடியும்... மூணாவது தடவை. அந்தப் பொடிசுகிட்டயே போய்க் குடுக்குது, மேடம். மத்ததெல்லாம் தின்னப்புறம் தனியா அதுக்கு."

"அமானி?"

"அதுவும் குடுத்துச்சு. ஒரு தடவை. பாதியை வச்சுக்கிச்சுன்னு நினைக்கிறேன். உங்க ஆளு வயிறு ஒட்டிப்போச்சு. சுத்தமா காலி."

செவ்வாய் பிற்பகல் கேட் நின்று பார்த்தபோதும் அப்படியே. புதன் இரண்டு வேளையும் அப்படியே. கேட் இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்று வாரத்து நேரங்களைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு இணைத்தார். மயக்க ஊசியைத் தள்ளிப்போடச் சொல்லி மருத்துவருக்கு எழுதினார். நியாவுக்குள் நோய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அதற்குள் சாப்பாடு இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் தின்றதை நியா வயிற்றில் வைத்திருக்கச் செய்வது எப்படி? முழுதாகப் பிரித்தால் கூட்டம் மறந்துவிடும். இறைச்சி நேரத்தில் மட்டும், கம்பி வலைக்கு அப்பால் உள்ள சிறு முற்றத்தில் விடுவது, இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். வளைக்குப் பக்கத்தில் குட்டிகளுக்கு அரைத்த இறைச்சி வைப்பார்கள்.

வியாழன் அது தோற்றது. நியா தின்றது. குட்டிகள் வலையடிக்கு வந்து ஓட்டைக்குள் மூக்கை நுழைத்துச் சிணுங்கின. நியா வலையில் வாயை வைத்து எல்லாவற்றையும் கக்கிக் கொடுத்தது. கேட் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

வெள்ளி, வலை முழுவதும் பலகை அடித்தார்கள். ஆள் யார் நிற்பது என்ற பேச்சே எழவில்லை. சிவாஜினி நின்றார். முற்றத்து மூலையில், ஒரு கம்பிக் கதவுக்கு இப்பால், நியாவின் முகத்துக்கு ஐந்து அடி தூரத்தில்.

ஒன்பது நாற்பதுக்கு நியா தின்றது. ஒன்பது நாற்பத்தைந்துக்குப் பலகையடிக்குப் போனது. குட்டிகளின் சிணுங்கல் கேட்டது. நியா பலகையை முகர்ந்தது, தோண்டியது, மேலும் கீழும் நடந்தது. பிறகு தலையைத் தாழ்த்தி ஒரு குரல் கொடுத்தது. குரைப்பு அல்ல. ஊதுவதுபோல, தூரத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுவதுபோல ஒரு குரல். அப்பாலிருந்து இன்னொரு நாய் அதே குரலில் பதில் சொன்னது. நியாவின் வாய் திறந்தது. எச்சில் நூலாகத் தொங்கியது. தொண்டை ஒரு தடவை மேலே ஏறி இறங்கியது. இன்னொரு தடவை.

"இருக்கட்டும்" என்றார் சிவாஜினி, மெல்ல. "இருக்கட்டும் அம்மா. கொஞ்சம் வைச்சிரு."

தலை குனிந்துவிடப் பார்த்தது. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நியா அவரைப் பார்க்கவில்லை. நடந்துகொண்டே இருந்தது. பதினொரு மணிக்குக் குட்டிகளின் சத்தம் நின்றது, தூங்கியிருக்க வேண்டும். பதினொன்று இருபதுக்கு நியா பலகைக்கு முதுகைக் கொடுத்துப் படுத்தது. பதினொன்று நாற்பதுக்குச் சிவாஜினி தாளை எடுத்தார். சரி போடவில்லை. கட்டத்துக்கு வெளியே எழுதினார்: சாப்பிட்டது. வைத்திருந்தது. நான் பார்த்தேன்.

தமிழில் எழுதிவிட்டதைக் கேட் சுட்டிக்காட்டிய பிறகே கவனித்தார். கேட் அதை மாற்றச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படி நடந்தது. சிறு முற்றத்தில் எடைப் பலகை வைத்தார்கள். முதல் நாள் பதினேழு கிலோ.

அடுத்த வியாழன் காலை, கமெரா அறைக்கு வந்த சிவாஜினி வாசுதேவன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருப்பதைக் கண்டார்.

"பொடிசு போயிடுச்சுங்க" என்றார்.

அந்த நாள்கள் முழுவதும் அரைத்த இறைச்சிக்கு எட்டுக் குட்டிகள்தான் வந்தன. ஒன்பதாவது வரவில்லை. அதற்கு ஒரு நாயின் வாய்தான் தெரியும். அந்த நாய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது வாயில் ஒன்றும் இருக்கவில்லை. திரையில், நியா செத்த குட்டியைச் சுற்றிச் சுருண்டு படுத்திருந்தது. மற்றக் குட்டிகள் நியாவின் முதுகில் ஏறி விளையாடின. நண்பகல் வரை அசையவில்லை.

"ஒன்பதாவது வரிசையில இன்னைக்கு என்ன போடறதுன்னு தெரியலைங்க" என்றார் வாசுதேவன். கடைசியில் கோடு ஒன்று இழுத்தார்.

கேட் வந்து சிவாஜினியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நியாவை அப்படியே விட்டிருந்தால் நியா போயிருக்கும். அதற்குப் பிறகு அந்தக் குட்டியும் போயிருக்கும்" என்றார்.

"ஓம்" என்றார் சிவாஜினி. அது சரியென்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அன்று இரண்டு மணி வேலைக்கு அவர் போகவில்லை. எட்டு ஆண்டில் முதல் தடவை.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு நியா இருபது கிலோ இருந்தது. வலையில் அடித்த பலகையை எடுத்துவிட்டார்கள். குட்டிகள் இப்போது இறைச்சித் துண்டைத் தாங்களே இழுக்கத் தொடங்கியிருந்தன. அவை வாயை நக்கிக் கேட்டால் நியா கொடுக்கும், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. எட்டுக்கும் பெயர் வைத்தாயிற்று. ஒன்பதாவதுக்கு வாசுதேவன் தன் தாளின் ஓரத்தில் ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறார். யாரிடமும் காட்டவில்லை.

அன்று சிவாஜினிக்கு வேலை இல்லை. வீட்டில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். வழக்கப்படி வினுஷாவுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போனார். வினுஷா தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"பிறகு சாப்பிடுறன். நீ போய்ச் சாப்பிடு, ஆறப்போகுது."

"நான் உங்களோடை இருந்து பதினாறு வருசம். நீங்கள் சாப்பிட்டு நான் பாத்ததில்லை, சித்தி. எவ்ரி டைம், குசினிக்குள்ளை நிண்டுகொண்டு."

கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினாள். இன்னொரு தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா தானும் குடிச்சிருந்தால்," என்றாள், "நான் இருந்திருப்பனோ?"

சிவாஜினி சோற்றைப் பிசைந்தார். குழம்பு விட்டார். மறுபடி பிசைந்தார்.

"சாப்பிடுங்கோ" என்றாள் வினுஷா.

முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நிமிர்ந்தார். வினுஷா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கிறாய்? அங்காலை பார். கண் படப்போகுது."

"படட்டும்."

தட்டு முடியும் வரை அவள் பார்வையைத் திருப்பவில்லை.